வலமாகத்தான் ஓடுவேன் என்ற அக்கா

பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக் காலையிலேயே புனேயிலிருந்து போன் வரும். "என்னைப் பத்தி எழுதியிருக்கியாமா கண்ணு? நாஞ் சண்டைக்காரின்னு போட்டிருக்கியாமா? நான் எப்ப, யாரோட சண்டை போட்டேன், சொல்லு பாக்கலாம்" என்று ஆரம்பித்தால் அந்தச் சண்டை முடிவதற்குள் என் வீட்டில் குக்கர் அடிப்பிடித்துவிடும். மகன் வேலை மாறி அங்கே போனபோது இவரும் கூடப் போய்விட்டார். அடுக்குமாடி வீட்டில் லிப்டுக்கு முன்னால் நின்று சண்டை போடுவதற்காகவே இப்போது இந்தி பழகிவிட்டார் என்று கேள்வி. ஆகவே இங்கே வெறும் அக்கா.

மைசூர் குவெம்பு நகரில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. பிறந்தது மாதேஸ்வரர் மலைப் பக்கத்து ராமாபுரம், வாக்கப்பட்டது கொள்ளேகால், கணவரின் வேலைக்காக மைசூருக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஐம்பதைத் தாண்டிய குள்ளமான உருவம். மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், தெரு நாய், கரண்ட் கம்பியில் உட்காரும் காக்கை என்று யாரையும் ஒதுக்கி வைக்காமல் எல்லாரோடும் சமமாகச் சண்டை போடுவார். அவர் கணவர் நல்ல மனிதர். காது நன்றாகக் கேட்கும், ஆனால் கேட்காத மாதிரி இருக்கப் பழகிவிட்டார்.

எனக்குச் சண்டை வராது. நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வருடக்கணக்காக 'உஷ்' என்று மட்டுமே சொல்லிச் சொல்லித் தொண்டையே அப்படி ஆகிவிட்டதோ என்னவோ. யாராவது கத்தினால் "சரிங்க" என்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சொல்லியிருக்க வேண்டிய பதிலை எல்லாம் கண்ணாடியிடம் சொல்வேன். என்னைப் போன்ற ஆளை அக்காவுக்கு ஏன் பிடித்தது என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

இருவரும் காலையில் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடக்கப் போவோம். ஏரியை எப்படி வேண்டுமானாலும் சுற்றலாம், ஊரில் பாதிப் பேர் இப்படியும் பாதிப் பேர் அப்படியும்தான் போவார்கள். அக்காவுக்கு அது ஆகாது. எதையும் வலமாகத்தான் சுற்ற வேண்டும், சுற்றப்படுவது வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்துவார்.

"ஏன்ரீ, இடமா சுத்தறீங்களே, விளங்குமா?"

"ஏரியில என்ன சாமி இருக்குதுக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"தண்ணி சாமியில்லாம என்ன கண்ணு? உன்ற வீட்டுல குழாய்ல வர்றதே அந்தச் சாமிதான்."

எங்கள் வீட்டுக் குழாயில் ஏரித் தண்ணீர் வரவில்லை என்று நான் சொல்ல, வருகிறது என்று அவர் சொல்ல, அன்றைக்குத்தான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். வாக்குவாதம் சூடு பிடிக்கப் பிடிக்க அக்காவின் நடை வேகம் பிடிக்கிறது. பாதி ஏரி தாண்டும்போது நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம். எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு வாங்கவில்லை. "சரிங்கக்கா, ஏரித் தண்ணிதான்" என்று நான் விட்டுக்கொடுத்த அந்த நிமிடமே அவர் நின்றுவிட்டார்.

"சரின்னு சொல்லாத கண்ணு. காலு நிக்குது பாரு."

அதற்குப் பிறகு ஏரிக்குக் கிளம்பும்போதே மறுத்துப் பேச ஒரு விஷயம் யோசித்துக்கொண்டு போவேன். சித்ரான்னத்துக்கு வெங்காயம் போடலாமா கூடாதா என்பதில் ஒரு முழுச் சுற்று ஓடினோம். ராகி முத்தையை, அதாவது களி உருண்டையை, மென்று தின்பதா விழுங்குவதா என்பதில் இரண்டு சுற்று. பொய்யாக மறுத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். அதனால் நான் நிஜமாகவே சில கருத்துகள் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முத்தையை மென்று தின்றால் ஒன்றும் ஆகாது என்று இப்போதும் நம்புகிறேன்.

சண்டை அவரை ஓடவைத்தது சரி. ஆனால் அதே சண்டைதான் அவரை எதையும் முடிக்கவிடாமல் அடித்தது. கார் ஓட்டப் பழகப் போனார். கிளட்ச்சைப் பற்றி மாஸ்டர் குரலை உயர்த்திவிட்டார் என்று ரயில்வே ஸ்டேஷன் சிக்னலிலேயே கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். இந்திப் பரீட்சையில் மின்விசிறியைப் போடச்சொல்லி மேற்பார்வையாளரோடு தகராறு. தாளைக் கிழித்துவிட்டு வெளிநடப்பு. ஸ்வெட்டர் பின்னச் சொல்லிக்கொடுத்த அம்மாளோடு பாதியில் பேச்சு நின்றதால், அக்கா வீட்டு அலமாரியில் ஒரே ஒரு கை வைத்த பச்சை ஸ்வெட்டர் இருந்தது. கொள்ளேகாலில் பட்டுப் புடவைக் கடை வைத்திருக்கும் அவருடைய நாத்தனார் வரும்போதெல்லாம் அதை எடுத்து விரித்துப் பார்ப்பார்.

"எங்க அண்ணிக்கு எல்லாத்துலயும் ஆரம்பம் ஜோருங்க. முடிவுதான் நான் இன்னும் பாத்ததில்ல" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

 எல்லாருக்கும் பதில் வைத்திருக்கும் அக்கா அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் உள்ளே போய் டம்ளர் கழுவுவார். ஒருநாள் ஏரிக்கரையில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, சண்டைத் தொனி துளியும் இல்லாமல் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு கண்ணு. ஒண்ணையாச்சும் கடைசி வரைக்கும் போய்ப் பாத்தர்றேன். பொறவு அவ என்ன வேணும்னாலும் சொல்லிக்கட்டும்." 

அந்த வாரமே ஏரி வாசலில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டார். நஞ்சன்கூடு போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு காட்டுப்பாதை ஓட்டம். முப்பது கிலோமீட்டர். காலை ஆறுக்குக் கிளம்பி மத்தியானம் பன்னிரண்டுக்குள் திரும்ப வேண்டும். நடுவில் ஒரு மலை. மலையடியில் ஒரு கூடாரம். மலையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பத்து மணிக்குள் அந்தக் கூடாரத்தைத் தாண்டாதவர்களை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். முடிவுக்கோட்டுக்கு வந்து நிற்கும்படி நாத்தனாருக்கும் போன் போய்விட்டது.

எனக்கு ஒரே ஒரு பொறுப்புதான். என்னைத் தவிர வேறு யாரோடும் அக்கா சண்டை போடாமல் பார்த்துக்கொள்வது. என்னோடு போட்டால் ஓடுவார். வேறு யாரோடாவது போட்டால் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

ஓட்டம் நடந்த அன்றைக்கென்று வங்காள விரிகுடாவில் ஒரு புயல். சென்னைப் பக்கம் புயல் என்றால் மைசூருக்கு மழை பிடித்துக்கொள்ளும். காலையில் ஊளையிடும் காற்று, ஊசி ஊசியாய்ச் சாரல், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூட்டம். வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேர் வரவே இல்லை. அக்கா சுடிதார் பேண்டை முட்டிவரை மடித்துவிட்டு, தலையில் பால் கவரைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரி, சிரி. உன்ற தலை நனையட்டும், என்ற தலை காயட்டும்."

கிளம்பினோம். கரிசல் மண் செருப்புக்கடை மொத்தத்தையும் காலில் கட்டிக்கொண்ட மாதிரி ஷூவில் அப்பியது. உதறினால் ஒரு கிலோ போகும், அடுத்த பத்து அடியில் இரண்டு கிலோ வரும். உண்ணிச்செடிப் புதர்கள் இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து இழுத்தன. நான் இரண்டு தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை விழும்போது அக்காவையும் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தேன். சேற்றில் மல்லாந்து கிடந்தபடி, மழை நேராக வாய்க்குள் பெய்ய, இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். அத்தனை சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. என் கணவர் இதைப் படிக்கமாட்டார், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

வழியெல்லாம் சண்டைக்கு, அவரைக்காய் உப்புமாவுக்குக் கொட்டையைத் தோல் உரிப்பதா வேண்டாமா என்ற விஷயத்தை எடுத்து வைத்திருந்தேன். அது நன்றாக வேலை செய்தது. ஒன்பது அடிப்பதற்கு நிறைய நேரம் முன்பே கூடாரம் வந்துவிட்டது. அங்கே குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாலண்டியர், எங்கள் மார்பில் குத்தியிருந்த நம்பர்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். வலது பக்கம் திரும்பச் சொல்லி அம்புக்குறி. அக்கா திரும்பவில்லை. அப்படியே நின்றுவிட்டார்.

"மலை மேல என்ன கோயிலு?"

"மாதேஸ்வரர் கோயில், மேடம். சின்னது" என்றார் வாலண்டியர்.

 மாதேஸ்வரன் சிவன்தான், ஆனால் ராமாபுரத்துக்காரர்களுக்கு அவர் என்றால் சும்மா இல்லை. அக்கா வீட்டில் அவர் சாமி இல்லை, மாதப்பன், வீட்டுப் பெரியவர். காய்ச்சல் வந்தாலும் மாதப்பன்தான், கரண்ட் போனாலும் மாதப்பன்தான். வலது பக்கம் திரும்பி ஓடினால் மலை இடது கைக்கு வரும். அதாவது மாதப்பனை இடமாகச் சுற்ற வேண்டும்.

"அக்கா, இது ஓட்டம். சாமி கும்பிட வரல" என்றேன்.

"அதை நீ மாதப்பன்கிட்டச் சொல்லு."

"எல்லாரும் அப்படித்தானே போறாங்க?"

"எல்லாரும் போவாங்க. அவங்கவங்க வீட்டுல நடக்கறது அவங்கவங்களுக்கு. என்ற பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல கண்ணு."

பின்னால் வந்த ஒரு வயதான ஓட்டக்காரர் மூச்சிரைக்க நின்று, சிவன் கோயிலில் இடமாகச் சுற்றுகிற முறையும் உண்டு அம்மா என்று எடுத்துச் சொன்னார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது பிரதோஷத்துக்கு. இன்னைக்கு என்ன திதி, சொல்லுங்க பாக்கலாம்?" பெரியவர் வலது பக்கம் ஓடிப்போனார்.

அக்கா நின்று யோசித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. விட்டுப்போனால் நாத்தனார். ஓடினால் மாதப்பன். பிறகு முகம் தெளிந்துவிட்டது.

"முதல்ல வலமா ஒரு சுத்து, மாதப்பனுக்கு. பொறவு இடமா ஒரு சுத்து, இவிங்களுக்கு. அதுக்கு இது சரியாப் போயிரும். எனக்குப் புண்ணியமும் வேண்டாம், பாவமும் வேண்டாம்."

"அக்கா! ஒரு சுத்து மூணு கிலோமீட்டருக்கு மேல. பத்து மணிக்குள்ள இங்க வந்தாகணும்!"

"அப்பக் கம்முனு வா, பேசிட்டு நிக்காத" என்று இடது பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டார். வாலண்டியர் குடையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். காற்று அவர் குடையை மேல்பக்கம் மடக்கிவிட்டது.

அந்த ஒரு சுற்றை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொருவராக எங்களுக்கு எதிரே முளைத்தார்கள். "ராங் ரூட், ராங் ரூட்!" என்று அவர்கள் கத்த, "நீங்கதான் ராங்கு!" என்று அக்கா திருப்பிக் கத்த, அவர்கள் முகத்தில் ஒரு கலவரம். அக்கா சொல்கிற விதத்தில் சொன்னால் யாருக்கும் தான் வந்த வழிமேல் சந்தேகம் வரத்தான் செய்யும். மென்பொருள் கம்பெனிப் பையன்கள் நாலு பேர் நின்று தங்களுக்குள் ஏதோ பேசிவிட்டு, திரும்பி எங்கள் பின்னால் ஓடி வந்தார்கள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் ஒருவன், "ஆன்ட்டி, ஃபினிஷ் இந்தப் பக்கம்தானே?" என்று கேட்டான்.

"எனக்கென்னப்பா தெரியும்? நான் கோயிலுக்குப் போறேன்" என்றார் அக்கா.

பையன்கள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி திரும்பி ஓடினார்கள். நான் ஒரு பாறையில் கைவைத்து நின்று, விலா வலிக்கச் சிரித்தேன். மழை இன்னும் பலமாக அடித்தது. அக்கா கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, கோயில் தெரியாததால் மூட்டத்தைப் பார்த்தே, ஓடியபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கூடாரத்துக்கு வந்தோம். நிற்கவில்லை. அம்புக்குறிப்படி வலது பக்கம் திரும்பி, இரண்டாவது சுற்று.  சறுக்குப் பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். என் கால்கள் கழன்றுவிடும்போல் இருந்தன. அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் மறுபடி கூடாரம் தெரிந்தபோது பத்து மணிக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. எங்களால் நம்ப முடியவில்லை.

அங்கேதான் வாலண்டியர் குறுக்கே கையை நீட்டினார். குடை இல்லாமல் முழுக்க நனைந்து கடுப்பில் இருந்தார். "நீங்க ரெண்டு பேரும் அவுட் மேடம். ரிவர்ஸ்ல போனீங்க. வயர்லெஸ்ல சொல்லியாச்சு. ஜீப்ல ஏறுங்க."

 அக்காவின் கை மார்புக்குப் போனது. நம்பரைக் குத்தியிருந்த ஊக்குகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஒன்று, அடுத்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. சிக்னலில் கார்க் கதவைத் திறந்தது இந்தக் கைதான், பரீட்சைத் தாளைக் கிழித்ததும் இந்தக் கைதான். இன்னும் ஒரு வார்த்தை அந்த ஆள் பேசினால் நம்பர் அவர் முகத்தில் பறக்கும், அக்கா ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிடுவார். அங்கே நாத்தனார் குடையோடு நிற்கிறார்.

அப்போது யாரோ பயங்கரமாகக் கத்தினார்கள். அது நான்தான்.

"ஓய்! எந்த ரூல்ரீ அது?"

கன்னடத்தில் கத்தினேன். குளியலறைக் கண்ணாடியிடம் சொல்லிவைத்ததெல்லாம் தயாராக வரிசையில் நின்றிருந்த மாதிரி வந்தது. "கம்மியா ஓடினா அவுட்டு. ஜாஸ்தி ஓடினவங்களை எந்த ஊர்லரீ அவுட் பண்றாங்க? ரெண்டாவது சுத்து உங்க அம்புக்குறிப்படி ஓடினமா இல்லையா? அதை எண்ணிக்குங்க. முதல் சுத்து எங்க சொந்த விஷயம், கோயிலுக்குப் போனோம். போற வழியில கோயிலுக்குப் போகக்கூடாதுன்னு மைசூர்ல நின்னுக்கிட்டுச் சொல்றீங்களா? சொல்லுங்க, நாலு பேரைக் கூப்பிடறேன், அவங்க முன்னால சொல்லுங்க!"

வாலண்டியர் ஒரு அடி பின்னால் போனார். அக்கா வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். மூன்றாவது ஊக்கில் கை அப்படியே நின்றிருந்தது.

"தள்ளு கண்ணு, உனக்கு வராது. நான் பேசறேன்."

"நீங்க ஓடுங்கக்கா! இந்தச் சண்டையை நான் பாத்துக்கறேன்."

"அதில்ல கண்ணு..."

"போங்கன்னு சொல்றேன்ல!"

என் வாழ்க்கையில் ஒரு பெரியவரைப் பார்த்து அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. அக்கா போனார். தொங்கிக்கொண்டிருந்த நம்பரை ஒரு கையால் மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தபடியே மழைக்குள் ஓடினார். வாலண்டியர் பின்னால் போகப் பார்த்தார். நான் குறுக்கே நின்றேன். வயர்லெஸ்ஸில் அவருடைய தலைவரைக் கூப்பிட்டார். அந்தக் கருவியை வாங்கித் தலைவரோடும் சண்டை போட்டேன். நனைந்து நடுங்கிக்கொண்டு, மூக்கு ஒழுக, என்ன ஒரு ருசி! இத்தனை வருடம் இதை வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேனே என்று இருந்தது. ஒருவழியாக அந்தத் தலைவர், "சரி மேடம், சரி மேடம், எண்ணிக்கிறோம், ரெண்டு பேரும் ஓடுங்க, ஆனா தயவுசெஞ்சு வயர்லெஸ்ஸைக் குடுத்துடுங்க" என்றார்.

கொடுத்துவிட்டுப் பார்த்தால் மணி பத்தைத் தாண்டிப் போயிருந்தது. வாலண்டியர் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.  நனைந்த மடக்கு நாற்காலிகளுக்கும் ஆரஞ்சுக் கூடைக்கும் நடுவில் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஓட்டுநர் என்னைக் கண்ணாடியில் பயத்தோடு பார்த்துக்கொண்டே வந்தார்.

முடிவுக்கோட்டில் பெரிய கறுப்புக் குடையோடு நாத்தனார். நான் இறங்கியதும் எட்டி ஜீப்புக்குள் பார்த்தார். "எங்க அண்ணி? அவங்களும் உள்ளதான் இருக்காங்களா?"

"ஓடி வர்றாங்க" என்றேன்.

"வந்தாப் பாத்துக்கலாம்" என்று சிரித்தார். அவரோடும் ஒரு சண்டை போடும் அளவுக்கு எனக்குத் தெம்பு இல்லை. பதினொன்றரை. பதினொன்றே முக்கால். யார் யாரோ நொண்டி நொண்டி வந்தார்கள், அக்கா இல்லை. மறுத்துப் பேச ஆள் இல்லாமல் எப்படி ஓடுவார்? ஓடுகிறாரா, இல்லை எங்காவது ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாரா? வானத்தில் இருந்த மாதப்பனிடம், நானும் வேண்டுமானால் ஒரு சுற்று வலமாக வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

பன்னிரண்டுக்கு இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது மூட்டத்துக்குள்ளிருந்து வந்தார். இடுப்புவரை சேறு. ஒரு கால் ஷூவைக் காணோம். கை இன்னும் அந்த நம்பரை மார்போடு பிடித்திருந்தது. கோட்டைத் தாண்டினார். யாரோ கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள், அது என்னவென்றுகூடப் பார்க்கவில்லை. நாத்தனார் குடையைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணி!" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார். எத்தனை வருடமாக இந்த நிமிடத்துக்காகக் காத்திருந்தார் அக்கா! நாத்தனாரைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"யாரு கண்ணு ஜெயிச்சது?"

"நாந்தாங்கக்கா."

என்னைப் பிடித்து அப்படியே சேற்றில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார். "முதல்ல இருந்து சொல்லு. அவன் என்ன சொன்னான், நீ என்ன சொன்ன? ஒண்ணு விடாமச் சொல்லணும்." நான் ஆரம்பித்தேன். நாத்தனார் குடையை எடுத்து வந்து எங்கள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அவரும் குனிந்து கேட்டார்.